ஓடச் சொன்னது உன்னையா, மெஷினையா?

வண்டலூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்று ராத்திரி நீ பாதி அழுகையில் பேசினாய். அழுகிறவர்களிடம் இலக்கணம் பேசுவது பாவம். அதனால்தான் கடிதம். உன் தம்பி நாளைக்கு ஒரகடம் பக்கம் வருகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஷிஃப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் படி.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், சரிதானா பார். தைவான் இன்ஜினியர் உன் பக்கத்தில் இருந்த ட்ரேயைக் காட்டி, "திஸ் லாட், ரன் ஃபர்ஸ்ட்" என்றார். நீ ட்ரேயைத் தூக்கிக்கொண்டு க்யூசி மேஜை வரைக்கும் ஓடினாய். லைனே சிரித்தது. அவர் சொன்னது, "இந்த லாட்டை முதலில் மெஷினில் ஓட்டு" என்று. நீயும் சிரித்துவிட்டு, பிறகு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறாய்.

"ரெண்டாங்கிளாஸ்ல படிச்ச வார்த்தை மாமா, அதுகூடத் தெரியலையே" என்றாய். தெரியாத வார்த்தை என்றால் நின்று கேட்டிருப்பாய். தெரிந்த வார்த்தை என்பதால்தான் கால் தானாக ஓடிவிட்டது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருபது வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன். புதுச் சொல் வந்தால் பிள்ளைகள் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பார்கள், தப்பே வராது. தப்பெல்லாம் பழகிய சொற்களில்தான் விழும்.

அந்தச் சொல்லின் கதை தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள் என்று 2011-இல் செய்தி வந்தது. அதற்கு முன்னால் 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, 1989 பதிப்பில் 430 பொருளோடு. லண்டனில் பிறந்தவனுக்கே அத்தனையும் தெரியாது. நீ ஒன்றைத் தவற விட்டதற்கு இவ்வளவு அழுகை.

இதைக் கேட்டதும் 645-ஐயும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடாதே. ஏதோ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரப் போவதாகச் சொன்னாயே, ஐந்நூறு சொல்லும் அர்த்தமும் அச்சடித்துக் கொடுப்பார்கள் என்று, அந்தப் பணத்தில் நல்லதாக ஒரு ஷூ வாங்கிக்கொள். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாய்.

ஏன் சேர வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தச் சொல்லின் பாதி அர்த்தம் உனக்கு ஏற்கெனவே தெரியும். ரயில்வேயில் ரன்னிங் ரூம் என்று ஒன்று உண்டு. அங்கே யாரும் ஓடுவதில்லை. வண்டி ஓட்டிக் களைத்து வந்த டிரைவரும் கார்டும் படுத்துத் தூங்குவார்கள். உன் தாத்தா ஊரப்பாக்கத்தில் காம்பவுண்டு சுவர் எழுப்பியபோது மேஸ்திரி ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினாரே, சுவரா ஓடியது? பழைய பைக்கை விற்கிறவன் 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்கிறான், வண்டி ஸ்டாண்டு போட்டு நிற்கும். ரன் அவுட் என்றால் உனக்கு கிரிக்கெட். லைனில் "லேபிள் ரன் அவுட்" என்று எவராவது சொன்னால், லேபிள் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். தைவானில் கிரிக்கெட் அவ்வளவாகக் கிடையாது, பேஸ்பால்தான் உயிர். அதனால் நீ அம்பயர் மாதிரி விரலைத் தூக்கிக் காட்டினாலும் அவருக்கு விளங்காது.

சொல்லைத் தனியாகப் பார்க்காதே, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். 'ரன்' பக்கத்தில் ரூம் நின்றால் ஒன்று, அடி நின்றால் ஒன்று, லாட் நின்றால் ஒன்று. ஊரில் புது ஆள் வந்தால் "யார் வீட்டுக்கு வந்திருக்காங்க?" என்றுதானே கேட்கிறோம், அந்த மாதிரி.

இன்னொன்று. உன் இன்ஜினியருக்கும் ஆங்கிலம் இரவல்தான். அவர் தலைக்குள் சீனம் ஓடுகிறது, உன் தலைக்குள் தமிழ் ஓடுகிறது, நடுவில் இரண்டு பேரும் ஆங்கிலத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கும்போது சுவர் எங்கே பெயரும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒரு கடையை எடுத்துக்கொள். ஆங்கிலேயன் கடையை 'ரன்' பண்ணுகிறான், அதாவது ஓடவைக்கிறான். நாம் கடை நடத்துகிறோம், நடக்க வைக்கிறோம், அவனைவிட நிதானம். சீனர் கடையைத் திறக்கிறார். அவர் மொழியில் கடை வைத்திருப்பதற்கே 'காய் தியென்' என்று பெயர். காய் என்றால் திற. காருக்கு வா. நாம் காரை ஓட்டுகிறோம், சீனர் காரையும் 'திறக்கிறார்', காய் ச்ச. மீட்டிங் நடத்துவதும் அவருக்குத் திறப்பதுதான், விளக்குப் போடுவதும் திறப்பதுதான், மெஷினை ஆன் செய்வதும் திறப்பதுதான். (அந்தக் 'காய்' நம் கத்திரிக்காயின் காய் மாதிரி இறங்கி முடியாது. மேலே எடுத்த சுருதி இறங்காமல் அப்படியே நிற்க வேண்டும். சொல்லிப் பார்த்து அவரைச் சிரிக்க வை, கணக்கு நேராகும்.) தேர்தலையும் பார். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார், லண்டனில் அதே வேலைக்கு 'ஸ்டாண்டு', நம் தாம்பரம் தொகுதியிலும் நிற்கத்தான் செய்கிறார். ஆங்கிலம் பேசுகிற இரண்டு நாடுகளுக்கே இதில் ஒற்றுமை இல்லை.

இந்தக் 'காய்' எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் அம்மாவுக்கே இந்தக் கதையைச் சொன்னதில்லை, வெட்கம்.

இன்ஸ்டிடியூட் வைப்பதற்கு முன்னால் நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க்காக ஐந்து வருஷம் இருந்தேன். போர்மேன் சீனர், நல்ல மனுஷன், ஆனால் பேச்சு தந்தி மாதிரி இருக்கும். சேர்ந்த முதல் வாரம், கம்ப்ரஸரைக் காட்டி "யூ ஓப்பன் தி மெஷின்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டைப் ஹையர் பாஸ் பண்ணியவனுக்கு 'ஓப்பன்' தெரியாதா? ஸ்பேனரை எடுத்து மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக அடுக்கி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. திரும்பி வந்தவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "ஐ சே ஓப்பன், வொய் யூ ஓப்பன்?" என்று கத்தினார். அன்றைக்கு எனக்கு இங்கிலீஷ் மேல் இருந்த நம்பிக்கையே போயிற்று.

எனக்கு விளக்கியவர் செம்பவாங்கில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெரியவர், சீனப் பள்ளியில் படித்தவர். சிங்கப்பூர் அரசு 1979-லிருந்தே சீனர்களை மாண்டரின் பேசச் சொல்லி இயக்கம் நடத்திக்கொண்டிருந்த ஊர் அது. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லியும் தனியாக ஓர் இயக்கம் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள். பெரியவர் சொன்னார்: "தம்பி, அவன் இங்கிலீஷ் பேசல. சீனத்தை இங்கிலீஷ் சட்டை போட்டு அனுப்பியிருக்கான். சட்டையைப் பார்க்காதே, ஆளைப் பார்." பிறகு என் முறை வந்தது. "நீ மட்டும் என்ன? நேத்து 'ஐ வில் ஹிட் எ போன்'னு சொன்னியே" என்றார். போன் அடிக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதற்குப் போர்மேன் சிரிக்கவே இல்லை. அவருக்கு உடனே புரிந்திருந்தது.

ஏனென்றால் சீனரும் போனை அடிக்கத்தான் செய்கிறார்! சீனத்தில் 'தா' என்றால் அடி. போன் பண்ணுவது 'தா தியன்ஹுவா'. டைப் அடிப்பதும் அவர்களுக்கு 'தா'தான். பிரிண்ட் அடிப்பதும் 'தா'. டயருக்குக் காற்று அடிப்பதும் 'தா'. பந்து அடிப்பதும், மேளம் அடிப்பதும், பட்டறையில் இரும்பு அடிப்பதும் 'தா'. ஆங்கிலேயனைக் கேட்டால் இதற்கெல்லாம் வேறு வேறு வினை வைத்திருக்கிறான். நாம் இருவரும் ஒரே கையால் அடித்துக்கொண்டிருக்கிறோம். இருபது வருஷம் "நல்லா டைப் அடி, ராகமா அடி" என்று கத்திய எனக்கு இதை நினைத்தால் இன்னும் சந்தோஷம்தான். எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதே. குடையை நாம் பிடிக்கிறோம், அவர்கள் அதையும் அடிக்கிறார்கள். ஊசியை நாம் போடுகிறோம், அவர்கள் அதையும் அடிக்கிறார்கள். அந்த நர்ஸை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஆக, உன் இன்ஜினியர் வினோதமாக ஏதாவது ஆங்கிலம் பேசினால், "இவருக்கு இங்கிலீஷ் வராது" என்று நினைக்காதே. அதன் அடியில் ஒரு சீன வாக்கியம் ஒழுங்காகப் படுத்திருக்கும். 'ஓப்பன் தி லைட்' என்பார், விளக்கைப் போடு. 'குளோஸ் தி லைட்' என்பார், அணை. நம் பிள்ளைகள் லைட்டைப் 'புட்' பண்ணச் சொல்லித் தமிழை அனுப்புகிற மாதிரிதான்.

அவர் பேச்சுக்கும் லைனுக்கும் நடுவில் நிற்கிற இந்த வேலையை உன்னால்தான் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் ஓடிய காலத்தில் என் மாணவிகள் பல பேர் அங்கே போனார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடியதும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு திரும்பி என்னிடமே வந்தார்கள். கை வேகம் எல்லோருக்கும் இருந்தது. வேறு வேலை சீக்கிரம் கிடைத்தது யாருக்கு என்றால், வெளிநாட்டுக்காரர் சொன்னதை லைனுக்கும், லைன் சொன்னதை அவருக்கும் கொண்டுபோகத் தெரிந்த இரண்டு மூன்று பேருக்குத்தான். இப்போதும் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2025-இல் இந்திய ஆலைகளிலிருந்து சீன இன்ஜினியர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பிப் போனதாகப் பேப்பரில் வந்ததே. நாளைக்கு உன் லைனுக்கு வியட்நாம்காரர் வரலாம், அவர் எதைத் திறப்பார், எதை அடிப்பார் என்று யார் கண்டது?

ஒரு சின்ன நோட்டு வாங்கு. போனில் எழுதாதே, லைனுக்குள் போன் விடமாட்டார்கள், வெளியே வருவதற்குள் மறந்துவிடும். அதில் சொல்லும் அர்த்தமும் எழுத வேண்டாம். அவர் வாயில் வந்ததை வந்தபடி எழுது, அவர் கை எதைக் காட்டியது என்று எழுது, கடைசியில் என்ன வேலை நடந்தது என்று எழுது. 'திஸ் லாட் ரன் ஃபர்ஸ்ட் / ட்ரே / மெஷினில் முதலில் ஓட்டினோம்.' அவ்வளவுதான். மூன்று மாதத்தில் உன் லைனுக்கென்றே ஓர் அகராதி கையில் இருக்கும், எந்தக் கடையிலும் கிடைக்காது.

இன்ஜினியர் தன் போனில் மொழிபெயர்த்துக் காட்டுகிறார் என்றாயே, அதை நீளமான வாக்கியத்துக்கு மட்டும் நம்பு. ஒற்றைச் சொல்லைப் போட்டால் அது உளறும். 'ரன்' என்று போட்டால் தமிழில் 'ஓடு' என்று வரும். ஓடு என்றால் கூரை ஓடா, ஆமை ஓடா, ஓடிப் போவதா? அதற்குத் தெரியாது, பாவம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெஷின் சம்பந்தப்பட்ட எதையும் "யெஸ் சார்" என்று தலையாட்டிவிட்டுச் செய்யாதே. நம் ஊர்த் தலையாட்டலே ஆமாவா இல்லையா என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அவர் "ஓப்பன்" என்றால் நீ "ஸ்டார்ட்? ஆர் ரிமூவ் கவர்?" என்று திருப்பிக் கேள். "ரன்" என்றால், "திஸ் லாட், திஸ் மெஷின்?" என்று விரலால் இரண்டையும் காட்டு. இலக்கணம் கிடக்கட்டும். நான் கழற்றியது ஓடாத கம்ப்ரஸர். ஓடுகிற மெஷினில் எவளாவது மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார், அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிரித்தவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்களில் பாதிப் பேர் நீ ஓடியிருக்காவிட்டால் தாங்கள் ஓடியிருப்பார்கள். உன் பக்கத்தில் நிற்கிற ஒடிசாப் பெண்ணும் சிரித்தாளா என்று மட்டும் தெரிய வேண்டும். சிரித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தமிழும் இரவல்.

அடுத்த ஞாயிறு வரும்போது கிளாம்பாக்கத்தில் இறங்கிப் போன் அடி, வண்டி எடுத்து வருகிறேன். வருவதற்குள் எனக்காக அவரிடம் ஒன்று கேட்டு வா. நம் ஊரில் படம் நூறு நாள் ஓடுகிறது. கடன்காரன் ஊரை விட்டு ஓடுகிறான். சிங்கப்பூரில் சீனர்கள் அதை 'ரன் ரோடு' என்பார்கள், அது சீனத்திலிருந்து அப்படியே இறங்கிய பேச்சு. கடன்காரன் அவர்கள் ஊரிலும் ஓடுகிறான், சரி. படமும் ஓடுமா?

அத்தை கூப்பிடுகிறாள். காலையிலிருந்து மிக்சி ஓடவில்லையாம், சட்னி பாதியில் நிற்கிறது. ஓப்பன் தி மெஷின். இந்தத் தடவை ஸ்க்ரூ டிரைவரோடுதான்.

அன்புடன்,
மாமா