மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்

"இந்த மாத்திரை சாப்பிட்டால் இருமல் வருகிறது", "வயிற்றைக் கலக்குகிறது" என்று சொல்லி, மருத்துவரிடம் கேட்காமலேயே சிலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றலாம். ஆனால் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, அதிகக் கொழுப்பு ஆகியவை பெரும்பாலும் அறிகுறி காட்டாமலேயே இரத்தக் குழாய்களைப் பாதிக்கும். மருந்தை நிறுத்தினால் மாரடைப்பு, பக்கவாதம் ஏற்படும் அபாயம் கூடும்.

பக்க விளைவு எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும், பெரும்பாலும் அதற்கு வழி உண்டு.

பொதுவான பக்க விளைவுகள்

• மெட்ஃபார்மின் (நீரிழிவு): வயிற்றுக் கலக்கம், குமட்டல். உணவோடு சாப்பிடுங்கள். பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும்.
• எனலாப்ரில் (இரத்த அழுத்தம்): வறட்டு இருமல். மருத்துவர் வேறு மருந்து தரலாம். இருமல் மருந்து வாங்கிக் குடித்துச் சமாளிக்காதீர்கள்.
• அம்லோடிபின் (இரத்த அழுத்தம்): கணுக்கால் வீக்கம். மருத்துவரிடம் காட்டுங்கள்.
• சிம்வாஸ்டாட்டின் (கொழுப்பு): தசை வலி. காரணமில்லாமல் கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கருமையாகப் போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

விரதம் இருப்பவர்கள் கவனத்திற்கு

கிளிப்பிசைட் போன்ற மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை குடியுங்கள். விரதம் தொடங்கும் முன்பே, மருந்தை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உடனே 995 அழையுங்கள்

• முகம், உதடு அல்லது நாக்கு வீங்கினால்
• மூச்சுவிடச் சிரமப்பட்டால்
• மயங்கி விழுந்தால் (மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்)

அன்றாடப் பழக்கங்கள்

• ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துச் சாப்பிடக்கூடாது.
• கணவன் மனைவிக்கு ஒரே நோய் இருந்தாலும், ஒருவர் மருந்தை மற்றவர் சாப்பிடக்கூடாது.
• மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். வாங்கும் முன் மருந்தாளரிடம் கேளுங்கள்.
• படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருங்கள். சில இரத்த அழுத்த மருந்துகளால், சட்டென்று எழும்போது தலை சுற்றி விழ நேரலாம்.
• மருந்தைக் குளியலறையிலோ அடுப்பின் அருகிலோ வைக்காதீர்கள். ஈரமும் வெப்பமும் அதைக் கெடுத்துவிடும்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்குச் செல்லும்போது

வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள், ஊரிலிருந்து வந்த லேகியம், சத்து மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். சில வேளை மருந்து சாப்பிடாமல் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். உண்மை தெரிந்தால்தான் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தையும் அளவையும் மருத்துவர் முடிவு செய்ய முடியும்.