ஆகாரத்தை மாற்றுமுன் நோக்கத்தைப் பாருங்கள்

புது வருஷம் பிறந்தால் போதும், "ஐயா, இன்னையிலேர்ந்து ராத்திரி சோறு நிறுத்திட்டேன்" என்று நாலு பேராவது என்னிடம் சொல்லுவாங்க. மார்ச் மாதத்தில் விசாரித்தால் சிரிப்புதான் பதில். ஏன் நிலைக்கவில்லை? அநேகருக்குக் குறைவு சாப்பாட்டு முறையில் அல்ல, நோக்கத்தில்தான். மூன்று நோக்கங்களை ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, தோற்றம். "மகள் கல்யாணத்துக்குள்ளே பத்து கிலோ குறையணும்" என்கிறோம். கல்யாணம் முடிந்தது, நோக்கமும் முடிந்தது! தானியேல் 10 நாள் மரக்கறியும் தண்ணீரும் எடுத்ததைக் காட்டி "இதுதான் டயட்" என்பவர்கள் உண்டு. அவனோ மெலிய விரும்பி அப்படிச் செய்யவில்லை. முடிவில் நல்ல சதைப்பிடிப்போடுதான் காணப்பட்டான். அவனைத் தாங்கினது உள்ளத்தின் தீர்மானம்.

இரண்டாவது, பயம். என் தகப்பனார் சர்க்கரை வியாதியால் ஒரு காலை இழந்தவர். போன வருஷம் என் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 வந்தால் வியாதி. பயந்தேன், உண்மைதான். பயம் நம்மைத் தட்டி எழுப்பும், ஆனால் தினமும் கைபிடித்து நடத்தாது. அதற்கு நம்பிக்கை வேண்டும். எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இதுவே இலக்கு. வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை மாத்திரம் எடுத்தவர்களுக்கோ 31 சதவீதம். 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஐந்தரை கிலோ. இது முடியாத காரியமா? சிந்தித்துப் பாருங்கள்.

மூன்றாவது, அன்பு. தகப்பனாரைக் குளிப்பாட்டி, கட்டுப் போட்டு, பல வருஷம் பாரம் சுமந்தது என் அம்மா. அந்தப் பாரம் என் மனைவிமேல் விழக்கூடாது. இந்த நோக்கம்தான் என்னை நிறுத்தியிருக்கிறது. வீடு சந்திக்கப் போகும்போது, "சர்க்கரை போடாம டீ கொடுங்கம்மா" என்று கேட்க இப்போது கூச்சமில்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ முட்டையோ பயறோ. சாயங்காலம் அரைமணி நேரம் நடை. என் இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டரிலிருந்து 92-க்கு வந்திருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80-க்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு!

ஒரு எச்சரிப்பு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் திடீரென்று சோற்றைக் குறைக்காதீர்கள், பட்டினி இருக்காதீர்கள். சர்க்கரை இறங்கி நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்படியே.

அருமையானவர்களே, இன்று ராத்திரி சாப்பிட உட்காருமுன் ஒரு தாளில், "யாருக்காக இதைச் செய்கிறேன்?" என்று எழுதி, அந்தப் பேரையும் எழுதுங்கள். அதை அரிசி டப்பாவின் மூடியிலே ஒட்டிவையுங்கள். மார்ச் மாதத்தில் நான் விசாரிப்பேன்!