யார் சொல்லி எழுதினீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் சாட்சிக் கூண்டில் நின்றேன். எதிரில் மேசைமீது, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் நான் முன்பு பணியாற்றிய தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி வழக்கறிஞர் கேட்டார்.

"இது உங்கள் கையெழுத்துதானே அம்மா?"

"ஆமாம்."

"இந்தப் பிறந்த தேதியை யார் சொல்லி எழுதினீர்கள்?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அந்தச் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் பாட்டி. பெற்றோர் இருவரும் ஆனேக்கல் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். "அஞ்சு முடிஞ்சிருக்கும் டீச்சரம்மா, சேத்துக்கங்க" என்றார் பாட்டி. கையில் எந்தத் தாளும் இல்லை. ஐந்து வயது நிறைவடையும்படி கணக்குப் போட்டு, ஜூன் 1 என்று எழுதினேன். அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அப்படித்தான் நடந்தது. நம்மில் எத்தனை பேருக்குச் சான்றிதழில் மே, ஜூன் மாதப் பிறந்த நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

அந்தப் பெண் கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்தபோது, ஓர் ஆவணி மாதம் அவளுக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். பெரியவர்கள் வயதைப் பார்க்காமல் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்துப் பார்த்து, "பதினெட்டு ஆயிடுச்சு" என்று சொல்லித்தான் நாள் குறித்தார்கள். அந்தச் சான்றிதழில் இருந்த தேதி, என் பதிவேட்டிலிருந்து போன தேதி. உண்மையில் அன்று அவளுக்கு வயது பதினேழே கால்.

பிறகு அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரி அவளே மனு செய்தாள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 இதற்கு வழி வைத்திருக்கிறது. பதினெட்டு நிறைவதற்குள் மணம் செய்துவைக்கப்பட்ட பெண், வயது வந்த பிறகு இரண்டு ஆண்டுகள் முடியும் வரை, அதாவது இருபது வயது நிறையும் முன், மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஆனால் திருமண நாளில் தனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று அவள் நிரூபிக்க வேண்டும். அதற்கு எதிராக நின்றது என் கையெழுத்து.

"பாட்டி சொல்லி எழுதினேன். ஆவணம் எதையும் பார்க்கவில்லை. உத்தேசமாகப் போட்ட தேதி" என்று சொன்னேன்.

அந்த வாக்குமூலம் அவளுக்கு உதவியது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதியை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். ஆனால் யார் கொடுத்த தகவலின் பேரில், எந்த ஆதாரத்தைக் கொண்டு அது எழுதப்பட்டது என்பது தெரியாவிட்டால் அதற்கு அதிக மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே பிரத்மல் சிங்வி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் என் தேதி விழுந்தால் மட்டும் போதாதே. உண்மையான தேதி எழுந்து நிற்க வேண்டும். அதை அவளேதான் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அந்தத் தேடலிலிருந்து நான் கற்றதை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறந்த இடமே பதிவின் இடம்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969 நாடு முழுமைக்கும் ஒன்றுதான். நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு என்பது அதன் அடிப்படை. குடும்ப அட்டை எந்த ஊரில் இருக்கிறது, ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்பதற்கும் பதிவுக்கும் தொடர்பில்லை.

நம் எல்லைப் பகுதியில் இதை மறந்துவிடுகிறோம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். நம் ஊர்ப் பெண்கள் பலர் ஆனேக்கல்லிலோ பெங்களூருவிலோ பிள்ளை பெற்றுத் திரும்புகிறார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் தாய்வீடு என்று தளிக்கும் பாகலூருக்கும் வருகிறார்கள். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் மூத்த பிள்ளை அங்கே பிறந்திருக்கும், இளைய பிள்ளை இங்கே பிறந்திருக்கும். "பிறப்புச் சான்றிதழ் இல்லை" என்று பெற்றோர் சொன்னால், பெரும்பாலும் அதன் பொருள் "எங்கே கேட்பது என்று தெரியவில்லை" என்பதே. எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பிள்ளை எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் பிறந்தது?"

என் மாணவி கேட்டதும் இதைத்தான். அவள் தாயின் நினைவில் மருத்துவமனையின் பெயரும், பிறந்தது சித்திரைத் தொடக்கம் என்பதும் இருந்தன. ஆனேக்கல் வட்டத்தின் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொன்னாள். பதிவேட்டில் ஏப்ரல் மாதத்துக்கு நேராக, 'பெண்' என்ற குறிப்போடு அவள் தாய், தந்தை பெயர்கள் இருந்தன. நான் எழுதியதைவிடப் பத்தரை மாதம் பிந்திய தேதி. குழந்தையின் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

யார் வேண்டுமானாலும் தேடலாம்

இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் சொல்லிக் கட்டணம் செலுத்தி மனு செய்யவும், அதிலிருந்து எடுத்த சான்றைப் பெறவும் வழி செய்கிறது. பதிவேடு பொதுமக்களுக்கு உரியது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இறப்புப் பதிவிலிருந்து தரும் சான்றில் மரணத்துக்கான காரணத்தை வெளியிடக் கூடாது.

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதி என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்திலும் விசாரிக்கத் தொடங்கலாம். அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் அந்த மருத்துவமனையிலேயே கேட்கலாம். பழைய கிராமப் பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கக்கூடும். நம் மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய சான்றுகளில் மாவட்டம் 'தருமபுரி' என்றிருந்தால் அது பிழையன்று. பெற்றோர் பலர் இதைப் பார்த்துப் பதறுகிறார்கள். அண்மைக் காலப் பதிவுகளை இணையத்திலேயே தரவிறக்கிக்கொள்ள முடிகிறது. கர்நாடகத்தில் இதற்கு 'இ-ஜன்மா' என்ற தளம் இருக்கிறது.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை. இங்கே 'முனியப்பன்' என்று இருப்பவர் எல்லைக்கு அப்பால் 'முனியப்பா' ஆகியிருப்பார். தலைப்பெழுத்து இருக்காது, அல்லது ஊர்ப்பெயர் தலைப்பெழுத்தாக ஏறியிருக்கும். ஒரே தேதியில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாமல், முன்னும் பின்னும் சில மாதங்களுக்குச் சேர்த்துத் தேடக் கேட்க வேண்டும்.

பெயரும் காலக்கெடுவும்

பெயரில்லாமல் பதிவான பிறப்பில், பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். என் மாணவி அந்தப் பதிவைக் கண்டுபிடித்தபோது பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பெயரில்லாத அந்தப் பதிவும், 'அது என் மகள்தான்' என்று தாய் அளித்த சாட்சியமும் சேர்ந்துதான் அவளைக் காப்பாற்றின. ஆறாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் கேட்டிருந்தால், பெற்றோர் ஒருநாள் போய்ப் பெயரைச் சேர்த்திருப்பார்கள். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் அவளை வைத்திருந்த பள்ளியில் நானே கேட்டிருக்கலாம்.

பிறப்பே பதிவாகாமல் இருந்தால் என்ன செய்வது? 21 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணத்துடன் பதியலாம். 30 நாட்களுக்கு மேல் ஓராண்டு வரை என்றால் மாவட்டப் பதிவாளர் அல்லது அரசு குறித்துள்ள அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால், 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், அல்லது மாவட்ட நடுவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட நிர்வாக நடுவரின் ஆணை தேவை. இதற்கு முதலில் 'பதிவு இல்லை' என்ற சான்றைப் பதிவாளரிடம் பெற வேண்டியிருக்கும். வழி நீளம்தான், ஆனால் அடைபட்ட வழியில்லை.

அதே திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குக் கல்விநிலையச் சேர்க்கை உள்ளிட்ட காரியங்களில், பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அந்தக் குழந்தைகள் 2029 ஜூன் வாக்கில் நம் முதல் வகுப்புக்கு வருவார்கள். அங்கன்வாடிக்கு அதற்கு முன்பே வந்துவிடுவார்கள். ஆனால் இதைக் காட்டி எந்தக் குழந்தையையும் வாசலிலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 14ஆம் பிரிவு. முதலில் குழந்தையைச் சேர்ப்போம், பிறகு சான்றைத் தேடுவோம்.

நீதிமன்றப் பதிவுகள்

சாட்சி சொல்லப் போகும்வரை, வழக்கு விவரம் என்றால் வழக்கறிஞர் மட்டுமே பார்க்கக்கூடியது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. 'இ-கோர்ட்ஸ்' தளத்திலும் அதன் கைபேசிச் செயலியிலும் ஓசூர், கிருஷ்ணகிரி உட்பட நாடு முழுவதும் உள்ள மாவட்ட, சார்பு நீதிமன்றங்களின் வழக்கு நிலையைப் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கத் தனி எண் உண்டு. அது தெரியாவிட்டால் வழக்கு எண்ணையோ தரப்பினர் பெயரையோ கொண்டு தேடலாம். அடுத்த விசாரணை நாளும், பதிவேற்றப்பட்ட உத்தரவுகளும் அதில் கிடைக்கும்.

அலுவலகங்களில் காட்டுவதற்குத் திரையில் பார்த்தது போதாது. நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் பெற வேண்டும். வழக்கின் தரப்பினர் நேரடியாகக் கேட்கலாம். மற்றவர்கள் காரணம் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100.

திறந்திருக்கும் பதிவுகளுக்கிடையே மூடியிருக்க வேண்டியவையும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம், போக்சோ சட்டம் ஆகியவற்றின் கீழ் வரும் குழந்தையின் பெயர், பள்ளி, அடையாளம் எதையும் வெளியிடக் கூடாது. ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதற்கும் இது பொருந்தும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பதிவேடும் ஒரு பதிவேடுதான்

சட்டத்துடன் முரண்படும் குழந்தை அல்லது பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் வயதில் ஐயம் வந்தால், இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 94ஆம் பிரிவு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழை அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை. உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ்கூட அதற்கு அடுத்துத்தான். ஒரு பிள்ளை கூர்நோக்கு இல்லத்துக்குப் போவதா, பெரியவர்களின் சிறைக்குப் போவதா என்பதுகூட, முதல் வகுப்பில் நாம் எழுதிய ஒரு வரியில் நிற்கலாம்.

அந்தச் சாட்சிக் கூண்டுக்குப் பிறகு நான் கடைப்பிடிப்பவை இவை:

1. சேர்க்கை விண்ணப்பத்தில் தேதிக்கு அருகிலேயே ஆதாரத்தை எழுதுகிறேன்: பிறப்புச் சான்றிதழ் எண், மருத்துவமனைக் குறிப்பு, அங்கன்வாடிப் பதிவு. எதுவும் இல்லையென்றால் 'பெற்றோர் உறுதிமொழி' அல்லது 'பாட்டி வாய்மொழி' என்று உள்ளதை உள்ளபடி எழுதி, கையொப்பம் பெற்று விண்ணப்பத்தைப் பத்திரப்படுத்துகிறேன்.

2. வயது குறைந்த குழந்தைக்காகத் தேதியைக் கூட்டி எழுதுவதில்லை. அங்கன்வாடிக்கு அனுப்பி வைக்கிறேன்.

3. பதிவேட்டில் அடித்தலோ மேலெழுதுதலோ இல்லை. பிறப்புப் பதிவேட்டில்கூட, பிழை திருத்தும்போது மூலப் பதிவைத் தொடாமல் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பதே சட்டம். பள்ளிப் பதிவில் திருத்தம் உரிய அலுவலரின் ஆணையோடு மட்டுமே.

4. ஆண்டுத் தொடக்கத்தில் சான்றிதழ் இல்லாதவர், சான்றிதழில் பெயர் இல்லாதவர் பட்டியலை எடுத்து, பெற்றோரைத் தனித்தனியே அழைத்துப் பேசுகிறேன். வகுப்பில் எழுப்பிக் கேட்பதில்லை. தந்தை பெயர் காலியாக உள்ள பிள்ளையும், வளர்ப்புப் பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

உயர்நிலை வகுப்புகளில் இதைப் பாடமாகவும் ஆக்கலாம். கற்பனைப் பெயர்களுடன் ஒரு பிறப்புப் பதிவேட்டுப் பக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஒரு குறிப்பிட்ட நாளில் யாருக்கு எத்தனை வயது, யார் வாக்களிக்கலாம், யாருக்குத் திருமணம் செய்யக் கூடாது என்று கணக்கிடச் சொல்லலாம். ஒரு தேதியை மட்டும் பத்து மாதம் மாற்றிக் காட்டி, விடைகள் எப்படி மாறுகின்றன என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பில் நான் அப்படிக் கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "அப்ப தேதியைத் தப்பா எழுதினவங்களுக்கு என்ன தண்டனை டீச்சர்?" என்றாள். அவளுக்கு என் கதையைச் சொன்னேன்.

தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக வந்தது. இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டப் படிப்பைத் தொடர்கிறாள். ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்: "தங்கச்சி பையனை இந்த வருசம் சேக்கணும் டீச்சர். அவன் அத்திப்பள்ளியில பொறந்தான். சர்டிபிகேட் வாங்கிட்டேன், பேரும் சேத்துட்டேன்."