மாத்திரைக் கட்சியும் பேச்சுக் கட்சியும்: மனநலப் பணிக்கு வரும் இளையவர்களுக்கு

மனநல மருத்துவம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், மருத்துவ உளவியலோ சமூகப்பணியோ முடித்துவிட்டு வார்டுக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வந்த சில மாதங்களிலேயே உங்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறீர்கள். மூளையில் ரசாயனம் மாறியிருக்கிறது, மாத்திரைதான் வழி என்பது ஒரு கட்சி. மாத்திரை மேல்பூச்சு, பேசினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பது இன்னொன்று. கவனித்துப் பாருங்கள்: மருந்து எழுதும் உரிமை உள்ளவர் முதல் கட்சியில் இருப்பார், பேசப் பயின்றவர் இரண்டாவதில் இருப்பார். தனக்குத் தெரிந்த வேலைதான் வந்தவருக்கு வேண்டிய வேலை என்று நம்பிவிடுவது எல்லாத் தொழிலிலும் உண்டு. நம் தொழிலில் அதற்கு விலை கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

1. "மாத்திரை நல்லதா, கவுன்சிலிங் நல்லதா?" என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்பார்கள். எந்த நோய்க்கு, எந்த நிலையில் என்று திருப்பிக் கேளுங்கள். மனச்சிதைவு நோயில் காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும், இருமுனைக் கோளாறின் எழுச்சியில் நாலு நாளாகத் தூங்காமல் கடன் வாங்கிச் செலவழிப்பவருக்கும் முதலில் மருந்து. பேச்சுக்கு அப்புறம்தான் இடம். நாயைக் கண்டாலோ லிஃப்டில் ஏறினாலோ நடுங்குபவருக்கு மாத்திரை தேவையே இல்லை. படிப்படியாகப் பழக்கும் நடத்தை சிகிச்சை போதும். நாள்பட்ட தூக்கமின்மைக்கும் அறிவு நடத்தை சிகிச்சைதான் முதல் வரிசையில் வரும். லேசான மனச்சோர்வு பேச்சிலேயே சரியாகலாம். சாப்பிடாமல், எழுந்து நடமாடாமல், சாவைப் பற்றியே நினைத்துக் கிடக்கும் கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும், சில சமயம் மின் அதிர்வு சிகிச்சையும் காலம் தாழ்த்தாமல் வேண்டும். உணர்ச்சிகள் நொடிக்கு நொடி கொந்தளித்துக் கையை அறுத்துக்கொள்ளும் ஆளுமைக் கோளாறில் மார்ஷா லைனஹான் வகுத்த சிகிச்சை போன்ற பேச்சு முறைகளே முதுகெலும்பு. மருந்து துணைக்கு மட்டும்.

2. பேச்சுக் கட்சிக்காரர்கள் ரஃபேல் ஓஷரோஃப் வழக்கைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் சிறுநீரக மருத்துவராக இருந்தவர். 1979-ல் கடுமையான மனச்சோர்வோடு மேரிலாந்தில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன இடம் அது. ஏழு மாதம் அவரிடம் பேசினார்கள், மருந்து கொடுக்கவில்லை. உடல் இளைத்தது. நிலைகொள்ளாமல் நடந்து நடந்து பாதம் கொப்புளித்துப் புண்ணானது. குடும்பத்தார் வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தேறி, மூன்று மாதத்துக்குள் வீடு திரும்பினார். 1982-ல் வழக்குப் போட்டார். கடைசியில் அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. நிரூபணம் உள்ள சிகிச்சையைக் கொடுக்காமல் விடுவது சரியா என்று 1990-ல் ஜெரால்ட் கிளர்மனும் ஆலன் ஸ்டோனும் மருத்துவ இதழில் மோதிக்கொண்டதற்கு இந்த வழக்குதான் காரணம். மாத்திரைக் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் தேறி வந்த ஓஷரோஃபுக்குப் பழைய தொழிலும் பழைய குடும்பமும் பழையபடி கிடைக்கவில்லை. அந்த இழப்போடு எப்படி வாழ்வது என்பதற்கு எந்த மருந்துக் கடையிலும் மாத்திரை கிடையாது.

3. மாத்திரைக் கட்சிக்காரர்கள் எண்ணச்சுழற்சி நோய்க்கான நடத்தை சிகிச்சையை ஒரு தடவையாவது முழுதாக உடன் உட்கார்ந்து பாருங்கள். அழுக்குப் பயத்தில் நாள் முழுக்கக் கை கழுவும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பு பட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கும். உளவியலாளர் அவரைக் கதவுக் கைப்பிடியைத் தொடச் சொல்கிறார். தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார வேண்டும். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்கிறார். எண்பது. பத்து நிமிடம் கழித்துக் கேட்டாலும் எண்பது. உள்ளங்கை வியர்க்கிறது, கண் குழாயடிக்கே போகிறது, "ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுகிறார். உளவியலாளர் அதட்டவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் அது நாற்பதாகிறது. கழுவாமலே பயம் இறங்கும் என்பதை அந்த உடம்பு அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறது. மறுநாள் அதே கைப்பிடி அறுபதில் தொடங்கும். 1992-ல் கலிபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டரும் கூட்டாளிகளும் இந்த நோயாளிகளின் மூளையை 'பெட்' ஸ்கேனில் பார்த்தார்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிட்டுத் தேறியவர்களுக்கும், மாத்திரை தொடாமல் நடத்தை சிகிச்சையில் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில், காடேட் என்ற முடிச்சில், செயல்பாடு குறைந்திருந்தது. பேச்சு மனசுக்கு, மாத்திரை மூளைக்கு என்று பங்கு பிரிப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

4. மருந்து எழுதுவதும் பேச்சுதான். கூட்டமான ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அதில் பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

"இது தூக்க மாத்திரையா, டாக்டர்?"

"இல்லம்மா. மனசு சோர்ந்து கெடக்குல்ல, அதுக்கு."

"பழகிடும்ங்கிறாங்களே?"

"குடி மாதிரி ஆசைப்பட்டுத் தேட வைக்காது. ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தினா தலை கிறுகிறுன்னு வரும். நிறுத்தற நேரம் வரும்போது ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். முதல் வாரம் வயிறு பொரட்டலாம், தலை வலிக்கலாம். பயப்படாதீங்க. பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். நாலு நாள்ல ஒண்ணும் தெரியலேன்னு விட்டுடாதீங்க."

இதைச் சொல்லாமல் கொடுத்த அட்டைதான் பாதி வீடுகளில் பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மருந்து தொடங்கினால், முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டாரிடமும் சொல்லிவைத்து, ஒரு வாரத்தில் திரும்ப வரச்சொல்லுங்கள். மாதக் கடைசியில் வந்தால் போதும் என்று அனுப்பாதீர்கள்.

5. உளவியலாளர்களே, மருந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்காதீர்கள். வாராவாரம் முக்கால் மணி நேரம் அவரைப் பார்ப்பவர் நீங்கள்தான். ஜான் கேட் 1949-ல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்து சொன்ன லித்தியம் இன்றும் இருமுனைக் கோளாறுக்கு ஈடில்லாத மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் நஞ்சு. சித்திரை வெயிலில் வயல் வேலை பார்த்து வியர்த்துக் கொட்டுபவருக்கும், மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுபவருக்கும் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் பெரிதாகி, வாந்தி பேதியோடு தள்ளாடி வந்தால், அன்றைய பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். க்ளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்வதை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். அது மருந்தின் விளைவு, மாற்று மருந்து கொடுத்தால் சீக்கிரமே சரியாகும். சோர்வு, மந்தம், எடை கூடுதல் என்று வருபவருக்குத் தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

6. கவுன்சிலிங் என்ற பெயரில் அறிவுரை சொல்லாதீர்கள். "பாசிட்டிவா நினைங்க", "உங்களவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு" என்பதெல்லாம் ஏற்கெனவே மாமியாரும் மேனேஜரும் சொல்லிவிட்டார்கள். ஆரன் பெக் வகுத்த அறிவு நடத்தை சிகிச்சைக்குக் குறிக்கோள் உண்டு, அமர்வுக் கணக்கு உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, குறைகிறதா என்று அளக்கும் படிவம் உண்டு. எட்டு அமர்வில் எதுவும் நகரவில்லை என்றால், நோயாளியின் 'ஒத்துழையாமை' மேல் பழி போடாமல் மருத்துவரிடம் அனுப்பிப் பாருங்கள். பேச்சுக்கும் பக்கவிளைவு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு நல்ல மனதோடு வந்த பலர், நடந்ததை உடனே விவரிக்கச் சொல்லி மக்களை அழவைத்தார்கள். பேரிடர் முடிந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கிளறுவதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல் என்று ஆய்வுகள் அப்போதே சொல்லியிருந்தன. அந்த நேரத்துக்கு வேண்டியது தண்ணீர், தங்குமிடம், காணாமல்போனவரைப் பற்றிய செய்தி, கேட்டால் கேட்கும் காது.

7. ஆய்வுகளைப் படியுங்கள், ஆனால் உங்கள் கட்சிக்குச் சாதகமான வரியோடு நிறுத்தாதீர்கள். 2000-ல் மார்ட்டின் கெல்லர் குழு நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரை எடுத்துக்கொண்டது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்குப் பலன், பேச்சு மட்டும் பெற்றவர்களிலும் 48, இரண்டும் பெற்றவர்களில் 73. (அதில் பயன்பட்ட நெஃபாசடோன் கல்லீரலைப் பாதித்ததால் பின்னால் பல நாடுகளில் விலக்கப்பட்டது, ஒரு மருந்தின் மேல் காதல் வைக்கக்கூடாது என்பதற்கு அது போதும்.) 2004-ல் அமெரிக்காவில் மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினர் 439 பேரிடம் நடந்த சோதனையில் பன்னிரண்டாம் வாரத்தில் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 71, ஃப்ளூவாக்ஸெட்டினில் 61, பேச்சில் 43, வெற்று மாத்திரையில் 35 விழுக்காட்டினர் தேறினார்கள். கெல்லர் ஆய்வில் சரிக்குச் சமமாக நின்ற பேச்சு, இந்தப் பிள்ளைகளிடம் பின்தங்கிவிட்டது. ஆள் மாறினால் கணக்கு மாறும். இன்னொன்றும் மறக்காதீர்கள்: மருந்தை நிறுத்தியவர்களைவிட, அறிவு நடத்தை சிகிச்சையை ஒழுங்காகக் கற்று முடித்தவர்களுக்கு மனச்சோர்வு திரும்புவது குறைவு. கற்றது கையோடு போகிறது.

8. "நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆள் ஏது?" என்ற பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். விக்ரம் படேல் குழு கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேச்சு சிகிச்சையைச் செய்து காட்டி 2017-ல் வெளியிட்டது. பட்டம் பெற்ற உளவியலாளர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வு. கடும் மனச்சோர்வு உள்ளவரிடம் மறுபடி செய்யக்கூடிய சின்னச் சின்னக் காரியங்களை அட்டவணை போட்டுச் செய்யவைத்தார்கள். நம் ஊரில் என்றால் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பக்கத்துத் தெரு அக்காவைப் போய்ப் பார்ப்பது. மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். இந்த அமர்வுகள் இல்லாத குழுவில் 39. உங்கள் ஓ.பி.யில் செவிலியர் ஒருவருக்கும் சமூகப்பணியாளர் ஒருவருக்கும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாத அளவுக்கு நம் மாவட்டங்கள் ஏழையில்லை.

9. கூட வந்தவரை வெளியே உட்காரவைக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியதிலிருந்தே குடும்பத்தார் நோயாளியோடு தங்குவது அங்கே வழக்கம். மனச்சிதைவில் மருந்து குரல்களை அடக்கும். வீட்டில் ஓயாத குத்தலும் திட்டும் இருந்தால் நோய் மறுபடி கிளம்பும். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நோயை விளக்கிச் சொல்வது மருந்தோடு சேர்ந்து அதைக் குறைக்கிறது. ஆசையின்மை, ஒதுங்கல், குளிக்காமல் கிடத்தல் இவற்றை மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கி மறுவாழ்வை முன்னால் வைத்தது இதனால்தான். மாத்திரையும் பேச்சும் சேர்ந்தும் எட்டாத இடத்துக்கு ஒரு வேலையும் சம்பளமும் போய்ச் சேரும்.

10. கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்விட்டு வருபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். 2002-ல் ரகுராம் குழு, தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பார்த்தது. மருந்தும் இல்லை, சிறப்புச் சடங்கும் இல்லை. கோயில் வேலைகளில் கலந்துகொண்டு, வீட்டார் துணையோடு சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். நோய்க்குறி அளவுகோலில் கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்தது. அமைதியான இடமும் அன்பான சூழலும் செய்கிற வேலை அது, அதை மதியுங்கள். அதே மூச்சில் தர்கா ஊரான ஏர்வாடியையும் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்லாதீர்கள்; மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்; சங்கிலியை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

11. அல்ப்ராசோலத்தை அவசரத்துக்கு, சில நாளுக்கு மட்டும் எழுதுங்கள். படபடப்பை அரைமணியில் அடக்குவதாலேயே அது ஆபத்து. பீதி நோய்க்குப் பேச்சு சிகிச்சை நன்றாகவே பலிக்கும். நேரமில்லை என்று இந்த மாத்திரையை எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பீதி, மாத்திரைப் பழக்கம் என்று இரண்டு நோய்க்குச் சிகிச்சை செய்வீர்கள்.

12. மருத்துவரும் உளவியலாளரும் ஒருவருக்கொருவர் எழுதுங்கள். "சைக்காலஜி ரெஃபரல்" என்று இரண்டு சொல் போதாது. என்ன சந்தேகப்படுகிறீர்கள், என்ன மருந்து எந்த அளவில், எதை எதிர்பார்த்து அனுப்புகிறீர்கள் என்று நாலு வரி எழுதினால், நோயாளி தன் கதையை மறுபடி அழுதுகொண்டே முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கட்சியில் இருந்தாலும், சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பலருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆம் என்றால் பூச்சிமருந்தையும் மாத்திரை அட்டைகளையும் வீட்டில் யார் பூட்டிவைப்பது என்று அங்கேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஓ.பி. சீட்டின் மேல்மூலையில் டெலி மானஸ் எண் 14416-ஐப் பெரிதாக எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம் என்று சொல்லி, கூட வந்தவரின் செல்போனிலும் அதைப் பதிந்து கொடுத்தபின் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.