பரோல் வேறு, விடுதலை வேறு

ஆயுள் கைதியின் மகளுக்குக் கல்யாணம் என்றால், அப்பா வழிக்காவலுடன் பந்தலுக்கு வருவார். நாலு வீடு தள்ளி, அவரால் கணவனை இழந்தவர் அன்று கதவைச் சாத்திக்கொள்வார். 'ஆளை விட்டுட்டாங்களாம்' என்ற பேச்சு டீக்கடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகாது.

நம்பிக்கை: பரோலில் வந்தால் தண்டனை முடிந்த மாதிரிதான்.

உண்மை: பரோல் ஒரு விடுப்பு, அவ்வளவே. தமிழ்நாட்டில் அது 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தரப்படுகிறது. சாவுக்கும் கல்யாணத்துக்கும் அவசர விடுப்பு, மற்றபடி சாதாரண விடுப்பு. நாள் முடிந்ததும் சிறைக்குத் திரும்பியாக வேண்டும். முன்விடுதலைக்காகச் சிறையில் கழித்த ஆண்டுகளை எண்ணும்போது பரோல் நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று கோவா கைதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

நம்பிக்கை: ஆயுள் தண்டனை 14 வருஷம். இரவும் பகலும் தனித்தனி நாளாகக் கணக்கு என்பதால் ஏழே வருஷம்.

உண்மை: சிறையிலும் நாளுக்கு 24 மணி நேரம்தான். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்பது 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே முடிவான விஷயம். பிறகு 14 எங்கிருந்து வந்தது? மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டு முழுதாகச் சிறையில் கழிக்காமல் தண்டனைக் குறைப்பில் விடக்கூடாது என்று 1978இல் சட்டத்திருத்தம் வந்தது. ஆக, மனுவை எடுத்துப் பார்க்கவே 14 ஆண்டு ஆக வேண்டும். அது விடுதலைத் தேதி ஆகாது.

நம்பிக்கை: நன்னடத்தை இருந்தால் அரசு நினைத்தபடி விடலாம்.

உண்மை: பில்கிஸ் பானு கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கின் 11 குற்றவாளிகளை குஜராத் அரசு 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவித்தது. வெளியே வந்தவர்களுக்கு மாலையும் இனிப்பும் கிடைத்தன. பில்கிஸின் பாதுகாப்பைப் பற்றி அவரிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை. தண்டனை விதித்த மும்பை நீதிமன்றம் விடுதலை கூடாது என்று எழுதியிருந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. பில்கிஸே உச்ச நீதிமன்றம் போனார். மும்பையில் தண்டிக்கப்பட்டவர்களை விடும் அதிகாரம் மகாராஷ்டிரத்துக்குத்தான் உண்டு என்று 2024 ஜனவரி 8 அன்று தீர்ப்பு வந்தது. 11 பேரும் சிறைக்குத் திரும்பினார்கள்.

நம்பிக்கை: தீர்ப்பு வந்ததும் பாதிக்கப்பட்டவரின் வேலை முடிந்தது.

உண்மை: புலன்விசாரணையிலிருந்து மேல்முறையீடு வரை அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் புரட்டிப் பாருங்கள். பிரிவு 193: விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் போலீஸ் 90 நாளுக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். பிரிவு 360: அரசு வழக்கை வாபஸ் வாங்க வந்தால், அவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. தண்டனைக் குறைப்பைப் பேசும் பிரிவு 473க்கு வந்தால், நீதிபதியின் கருத்தைக் கேட்க இடமிருக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருத்த வேண்டிய இடம் இதுதான்.

நம்பிக்கை: பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டால் ஒருவரும் வெளியே வர முடியாது.

உண்மை: கருத்துக் கேட்பது ஒன்று, முடிவை ஒப்படைப்பது வேறொன்று. இங்கிலாந்தில் தனக்கு நேர்ந்ததன் பாதிப்பைப் பாதிக்கப்பட்டவர் பரோல் வாரியத்திடம் சொல்லலாம். தான் வசிக்கும் பகுதிக்குள் குற்றவாளி வரக் கூடாது என்று நிபந்தனை கேட்கலாம். இவரை விட்டால் மக்களுக்கு ஆபத்தா என்று எடைபோட்டு முடிவெடுப்பது வாரியம்தான். எடைபோட்டது சரியில்லை என்றால் வழக்குப் போடவும் வழி உண்டு: பெண் பயணிகளிடம் பாலியல் குற்றம் செய்த லண்டன் டாக்சி ஓட்டுநர் ஜான் வோர்பாய்ஸை விடும் முடிவு, பாதிக்கப்பட்ட இரண்டு பெண்கள் போட்ட வழக்கில் 2018இல் ரத்தானது.

கைதிக்கும் நியாயம் வேண்டும். முன்விடுதலை ஆணையில் காரணம் எழுதி, அதைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் காகிதத்தின் ஒரு நகலை அந்த நாலாவது வீட்டுக்கும் அனுப்பலாம். டீக்கடைப் பேச்சுக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும்.