இன்ஹேலர் மருந்து எங்கே போய்ச் சேருகிறது?

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், அவருடைய இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அழுத்த வேண்டாம், பார்த்தால் போதும்.

படிவம் 3 அறிவியலில், சுவாசம் பற்றிய அத்தியாயத்தில், ‘புரோங்கியோல்’ என்று படித்திருப்பீர்கள். ஆஸ்துமாவில் சுருங்கி, வீங்கி, சளி அடைத்துக்கொள்வது இந்த மாதிரி மெல்லிய மூச்சுக்குழல்கள்தாம். மருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். துளிகள் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவில் இருந்தால்தான் அவ்வளவு தூரம் போகும்.

குப்பியை அழுத்தியதும் மருந்து சீறிக்கொண்டு வருகிறது. வேகமாகப் போகும் பொருள் சட்டென்று திரும்பாது. கமுந்திங்கிலிருந்து தைப்பிங் வரும் பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் வெளிப்பக்கம் சாய்கிறீர்களே, அதே நிலைமம்தான். தொண்டை வளைகிறது, துளிகள் நேராகப் போய் அதன் பின்சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. சரியாக இழுத்தாலும்கூட நுரையீரலுக்குப் போவது பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடுதான். தவறாக இழுத்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதும் வெளியே விட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்த வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நுண்துளிகள் புவியீர்ப்பால் குழல் சுவரில் படிய நேரம் தேவை. உடனே மூச்சை விட்டால் மருந்தும் வெளியே போய்விடும்.

இந்த அழுத்தக் குப்பி 1956இல் விற்பனைக்கு வந்தது. 1975 முதல் 2014 வரை வந்த 144 ஆய்வுகளை, அதாவது 54,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை, 2016இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. சரியாகப் பயன்படுத்தியவர்கள் 100க்கு 31 பேர்தான். நாற்பது ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை! “மருந்து கேட்கவில்லை” என்று பாட்டி சொல்வார். மருந்தின் அளவு கூடும். தொண்டைதான் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். நடு இரவில் மூச்சுத் திணறும்போது இது உயிர் பிரச்சினை.

இங்கேதான் மருந்தாளுநர் வருகிறார். மலேசிய அரசு மருத்துவமனைகளில் சுவாச நோயாளிகளுக்கென மருந்தாளுநர்களே நடத்தும் ஆலோசனைப் பிரிவுகள் உள்ளன. ஆனால் அடிக்கடி போய்வரும் இடம் கடைத்தெரு மருந்தகம். “அடிக்கத் தெரியுமா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “பாட்டி, ஒரு தடவ செஞ்சு காட்டுங்க” என்பதுதான் சரியான கேள்வி. ஒருமுறை கற்றுக்கொண்டாலும் நாளடைவில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பும். மறுபடியும் காட்டச் சொல்ல வேண்டும்.

கை நடுங்குபவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ‘ஸ்பேசர்’ என்ற குடுவை உதவும். மருந்தின் வேகம் அதற்குள் தணிகிறது, பெரிய துளிகள் அதன் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் குழுவினர் 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசர், குழந்தைகளிடம் கடையில் வாங்குவதைப் போலவே வேலை செய்தது என்று 1999இல் காட்டினார்கள். (அவர்கள் துளையை அளவாகப் போட்டு ஒட்டினார்கள். நீங்கள் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்!)

தூள் மருந்து இன்ஹேலருக்கு விதி தலைகீழ்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். தூளைப் பிரித்துப் பறக்கவைப்பது உங்கள் மூச்சுதான். அதற்குள் ஊதக் கூடாது; ஈரம் பட்டால் தூள் கட்டிபடும். நம் தைப்பிங் மழையைச் சொல்லவே வேண்டாம், மூடியை உடனே மூடிவிடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டில் இன்ஹேலர் பயன்படுத்துபவர் அடுத்த வேளை மருந்தை எடுக்கும்போது, கடிகாரத்துடன் அருகில் இருங்கள். எத்தனை விநாடி மூச்சை அடக்கினார்? குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருந்தகம் போகும்போது இன்ஹேலரையும் அந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு கலந்த தடுப்பு மருந்தென்றால், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புகிறாரா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வாயில் பூஞ்சை படரும்.