தேயிலைச் சரிவுகளில் கவாத்துத் தழையைப் பரப்பும் முறை

முக்குருத்தி மலைப்பக்கம் தோன்றிப் பைக்காரா வழியாக ஓடும் ஆறு, மோயாறு என்னும் பெயருடன் கீழிறங்கி, 1955ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து அந்நீர் சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பக்கத்து வயல்களுக்குப் பாய்கின்றது. அவ்வயல்களில் இக்காலத்தில் நெல்லை அறுப்பதும் அடிப்பதும் பெரும்பாலும் அறுவடை இயந்திரமே. மலைமேல் தேயிலை பயிரிடுவோர் அவ்வழியே செல்ல நேர்ந்தால், இயந்திரம் சென்று மீண்ட வயலைச் சிறிது நின்று பார்ப்பது நலம்.

பன்னிரண்டு அடி அகலத்துக்கு அறுக்கும் வண்டியொன்று, தான் அறுத்த வைக்கோல் முழுவதையும் பின்புறத்தில் நான்கடி அகலத்துக்குள் வரிசையாக விட்டுச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த நான்கடியில் விழுவது மும்மடங்கு வைக்கோல். மற்ற எட்டடியில் அடித்தாளன்றி வேறொன்றும் இராது. வைக்கோலைக் கட்டி மாட்டுக்கு எடுப்பவருக்கு அவ்வரிசை வசதியே. ஆனால் அதை வயலிலேயே மடக்கி உழ விரும்புபவருக்கு அது பெருந்தொல்லை. வரிசையுள்ள இடத்தில் கலப்பை சிக்கும். அடுத்த பயிர் மஞ்சள் பூக்கும். வரிசையில்லாத இடத்திலோ மண்ணுக்கு ஒன்றும் சேராது. இக்குறையைத் தீர்க்கும் பொருட்டே பஞ்சாப் மாநிலத்து அறுவடை இயந்திரங்களின் பின்னால், வைக்கோலை நறுக்கி வயல் முழுவதும் வீசும் ‘சூப்பர் எஸ்.எம்.எஸ்.’ என்னும் கருவியைப் பொருத்துகின்றனர்.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாதெனில், பயிர்க்கழிவு நிலத்தில் கிடந்தால் மட்டும் போதாது. சமமாகக் கிடக்கவேண்டும் என்பதே. குவியலாகக் கிடக்கும் தழை, கிடக்கும் இடத்தையும் கெடுத்து, கிடவாத இடத்தையும் வறுமையாக்கும். நமது தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக் காலத்தில் நிகழ்வதும் இதுவே.

கவாத்துக்குப் பின் நிலத்தின் நிலைமை

தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து செய்கின்றோம். செடி மூடியிருந்தவரை மழைத்துளி இலையில் விழுந்து, மெல்ல மண்ணில் இறங்கியது. கவாத்து செய்த அன்றே அக்குடை நீங்கிவிடுகின்றது. புதுத்தளிர் வளர்ந்து மறுபடி நிலத்தை மூடச் சில மாதங்கள் செல்லும். சித்திரை, வைகாசியில் கவாத்து செய்தால் அடுத்து வருவது தென்மேற்குப் பருவமழை. ஆவணி, புரட்டாசியில் செய்தால் அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை. ஆகவே எக்காலத்தில் கவாத்து செய்தாலும், மண் திறந்து கிடக்கும் மாதங்களும் பெருமழை மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பைக்காரா, கிளன்மார்கன், நடுவட்டம் பக்கங்களில் தென்மேற்கு மழையின் வேகம் எத்தகையது என்பதை அங்கு வசிப்போருக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 1,03,000 லிட்டர். திறந்த சரிவில் இந்நீர் மண்ணில் இறங்காமல் மேலோடு ஓடி, மேல்மண்ணை வாரிச்செல்லும். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கனமே மண் போனாலும், ஏக்கருக்குப் போவது ஏறத்தாழ 10 டன். அவ்வளவு மெல்லிய இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சில கவாத்துகளுக்குப் பின் செடியின் வேர்கள் வெளியே தெரியும்போதுதான் தோட்டக்காரர் அதை உணர்கின்றார். இழந்த மேல்மண்ணை உரம் ஈடுசெய்யும் என்று எண்ணுவது தவறு. உரத்தைப் பற்றி வைத்திருப்பதே அம்மண்தான்.

இம்மண்ணைக் காக்கும் பொருள் தோட்டத்திலேயே விழுந்து கிடக்கின்றது. கவாத்துத் தழையே அது.

தழையின் அளவை அறிதல்

நான்கடிக்கு இரண்டரையடி இடைவெளியில் நட்ட தோட்டத்தில் ஏக்கருக்கு 4,356 செடிகள் உண்டு. ஒரு செடிக்கு 2 கிலோ தழை கிடைப்பதாகக் கொண்டால், ஏக்கருக்கு 8,712 கிலோ ஆகின்றது. அதாவது ஒரு சதுர அடிக்கு 200 கிராம். மூன்றடிச் சதுரத்துக்கு 1.8 கிலோ. இது உதாரணக் கணக்கே. ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் பத்துச் செடிகளின் தழையை நிறுத்துச் சராசரி காணவேண்டும். கவாத்தின் உயரத்தையும் செடியின் வளத்தையும் பொறுத்து அளவு மாறும்.

இத்தழையில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிரம்ப உள்ளன. சாம்பல்சத்து மழைநீரில் எளிதில் கரைந்து கீழிறங்கும் இயல்புடையது. தழை குவிந்து கிடந்தால், ஏக்கர் முழுவதற்கும் உரிய சத்து அக்குவியலின் அடியிலேயே இறங்கிப்போகும்.

அடுப்பும் நிலமும்

கவாத்துக் கழிகளை விறகுக்கு எடுத்துச்செல்வது மலையில் நெடுநாளைய வழக்கம். குளிர் மிகுந்த இவ்விடத்தில் விறகு வேண்டாமென்று எவரிடமும் சொல்ல இயலாது, சொல்வதும் நியாயமன்று. ஆனால் இலையும் சிறுகொம்பும் அடுப்பில் எரிவதால் கிடைக்கும் அனல் சொற்பம்; நிலத்துக்கு நேரும் நஷ்டமோ பெரிது. ஆகையால், பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட கழிகள் அடுப்புக்கு, அதற்குக் குறைந்தவையும் இலைகளும் நிலத்துக்கு என்று கவாத்து தொடங்குமுன்பே ஆட்களிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் சொன்னால் மனவருத்தமே மிஞ்சும்.

தழையைத் தோட்டத்திலேயே குவித்து எரிப்பது எவ்வகையிலும் தகாது. தேயிலை புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் பயிர். எரித்த இடத்தில் சாம்பல் மிகுந்து அத்தன்மை கெட, அங்குள்ள செடிகள் பல்லாண்டு தேறாமல் நிற்கும்.

பரப்பும் முறை

1. கவாத்துக்கு முன் களைகளை நீக்கி, வடிகால்களையும் அவற்றிலுள்ள மண்தேக்கும் குழிகளையும் தூர்வாரவேண்டும்.

2. வெட்டிய கிளைகளைச் சுமார் ஓரடி நீளமாக நறுக்கவேண்டும். நீண்ட கிளை மண்ணோடு படியாது; அதனடியில் நீர் தடையின்றி ஓடும்.

3. நறுக்கிய தழையைச் சரிவுக்குக் குறுக்காக, செடிவரிசைகளுக்கு நடுவே பரப்பவேண்டும். மேலிருந்து கீழாகக் கிடக்கும் கொம்பு நீருக்கு வாய்க்காலாகும். குறுக்கே கிடப்பது அதற்கு வரப்பாகும்.

4. தழையின் கனம் இரண்டு மூன்று அங்குலம் இருந்து, மண் கண்ணுக்குத் தெரியாதிருப்பது நன்று. செடியின் அடித்தண்டைச் சுற்றி அரையடி இடம் விடவேண்டும். ஈரத்தழை தண்டோடு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

5. வடிகால்களில் தழையைத் தள்ளலாகாது. அடைபட்ட வடிகால் உடைந்தால், பரப்பிய தழையனைத்தையும் ஒரே மழை கொண்டுபோய்விடும்.

6. வெயில் கடுமையாயிருப்பின், சில கொம்புகளை வெட்டிய செடியின் மேல் மெல்லியதாகப் போட்டு வைக்கலாம். பட்டை வெந்துபோகாமல் அது காக்கும். மொட்டுகள் முளைக்கத் தொடங்கியதும் அவற்றை எடுத்துக் கீழே பரப்பிவிடவேண்டும்.

7. பட்டை வெடித்துப் புண்பட்ட கிளைகளையும் பட்டுப்போன கொம்புகளையும் மட்டும் பிரித்தெடுத்து, தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடவேண்டும்.

இப்போது கவாத்துக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. வேலை விரைவில் முடிகின்றது. ஆனால் நெல்வயலில் போலவே, இயந்திரம் தழையைத் தான் நினைத்த இடத்தில் தள்ளிவிட்டுப் போகும். இரண்டு இயந்திரங்களுக்கு ஓர் ஆளேனும் பின்சென்று பரப்பும்படி ஏற்பாடு செய்தல் வேண்டும். தழை காய்ந்து பின்னிக்கொண்டபின் அதைப் பிரிப்பது இருமடங்கு வேலை.

கவனிக்கவேண்டிய இரு விஷயங்கள்

மரக்கொம்புகள் மக்கும்போது, அவற்றை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைச் சிறிது காலம் தமக்கு எடுத்துக்கொள்ளும். தழை போட்டுவிட்டோம் என்று அவ்வாண்டு உரத்தைக் குறைத்துவிட்டு, செடி வெளுத்ததும் தழையைக் குறைகூறுவோர் உண்டு. முதலாண்டு உரத்தைக் குறைக்கலாகாது. அச்சத்து பின்னர் மண்ணுக்கே திரும்பிவிடும்.

மற்றொன்று உறைபனி. மார்கழி, தை மாதங்களில் பைக்காராப் பக்கத்துப் பள்ளங்களில் குளிர்காற்று தேங்கிப் பனி உறைகின்றது. பகலில் மண் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளியிடுவது செடிக்குச் சிறிது காப்பு. தடித்த மூடாக்கு அவ்வெப்பத்தை மண்ணுக்குள் இறங்கவும் விடாது, மேலெழவும் விடாது. ஆகவே பனி உறையும் பள்ளங்களில், மழை ஓய்ந்தபின் தழையைச் செடிகளை விட்டு விலக்கி வரிசை நடுவில் ஒதுக்கவேண்டும். பள்ளத்தில் சரிவு குறைவாதலால் இதனால் மண்ணரிப்பு அதிகமாகாது. சரிவிலுள்ள தழையை ஒதுக்கவேண்டாம்.

சரிபார்க்கும் வழி

நான்கு கழிகளைக் கட்டி மூன்றடிச் சதுரம் ஒன்று செய்துகொள்க. பரப்பிய மறுநாள் தோட்டத்தில் பத்து இடங்களில், வரிசை நடுவிலும் ஓரத்திலுமாக, இடம் பார்க்காமல் அதைப் போட்டு உள்ளே விழுந்த தழையை நிறுக்கவேண்டும். கழிகளை விறகுக்குக் கொடுத்தபின் எஞ்சிய தழை செடிக்கு ஒன்றரைக் கிலோவானால், மேற்கண்ட இடைவெளியில் சதுரத்துக்கு ஏறத்தாழ 1.35 கிலோ இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மூன்று கிலோவும் மற்றோரிடத்தில் கைப்பிடியும் இருந்தால் வேலை முடியவில்லை என்று அறிக. நெல்வயலில் இயந்திரம் வைக்கோலை எப்படி வீசுகின்றது என்பதையும் இச்சதுரம் கொண்டே அளக்கலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

சரிவிலிருந்து போகும் மண் ஒருவர் நிலத்தோடு நிற்பதில்லை. கீழேயுள்ள பாதையை அறுக்கின்றது, ஓடையைக் கலக்குகின்றது, முடிவில் நீர்த்தேக்கத்தில் படிகின்றது. பைக்காரா நீர் 1932ஆம் ஆண்டு முதல் மின்சாரம் தந்து, பின்பு சமவெளியில் நெல்லும் விளைவிக்கின்றது. ஆகையால் கவாத்துக் காலத்துக்கு முன் கிராமத்திலுள்ள சிறு தோட்டக்காரர்களை ஒருமுறை கூட்டி, ஒரு சரிவிலேனும் இம்முறையைச் செய்துகாட்டுவது அதிகாரிகளுக்கு உரிய பணியாகும். குன்னூரிலுள்ள தேயிலை வாரிய அலுவலகத்தையும், 1954ஆம் ஆண்டு முதல் உதகையில் நடைபெறும் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தையும் இதில் ஆலோசனைக்கு அணுகலாம்.

பரப்பியதற்கும் பரப்பாததற்கும் உள்ள வேற்றுமையைக் காண அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரு துண்டுகளை விட்டு, ஒன்றில் தழையைச் சமமாகப் பரப்பி, மற்றொன்றை வழக்கம்போல் விட்டுவிடுக. முதற் பெருமழை பெய்த அன்று இரண்டின் அடியிலும் வடியும் நீரை ஒவ்வொரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்து, மறுநாட் காலை அடியில் படிந்த மண்ணைப் பார்த்தால், மேற்கொண்டு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.